தோட்டத்து ரயிலும் சுருங்காத நேரமும்

பிரிட்டனில் கோடைக்கால ஞாயிறுகளில் சில வீட்டுப் பின்தோட்டங்களில் நிஜ நீராவி ஓடும். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் எஞ்சின், உள்ளே செம்புப் பாய்லர், அடியில் பியூட்டேன் நெருப்பு, 32 மி.மீ. அகலத் தண்டவாளம். ரிவெட்டுகளை எண்ணிப் பதித்திருப்பார்கள். பெயர்ப்பலகை பித்தளை. ஓட்டுநர் பொம்மையின் தொப்பியில்கூடக் கரி பூசியிருக்கும். இவ்வளவும் செய்துவிட்டு அந்த எஞ்சினை வட்டப் பாதையில் வைத்து, நீராவியை விடும் குமிழான ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு, தேநீர்க் கோப்பையோடு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்கள். எரிவாயு தீரும் வரை அது சுற்றும். இருபது நிமிடத்தில் முப்பது சுற்று. நிற்பதில்லை, ஏற்றுவதில்லை, இறக்குவதில்லை, எதிர்வண்டிக்குக் காத்திருப்பதில்லை. செக்குமாடாவது எண்ணெய் ஆட்டித் தருகிறது.

வண்டி சுற்றுவதைப் பார்ப்பது இனிமையான பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அதை 'நிஜம் போல' என்று சொல்லும்போதுதான் உறுத்துகிறது. முப்பது மீட்டர் சுற்றை 40 நொடியில் முடிக்கும் எஞ்சின் நொடிக்கு 75 செ.மீ. போகிறது. இந்த எஞ்சின்கள் நிஜத்தில் 19இல் ஒரு பங்கு அளவு; அதை 19 மடங்கு பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 51 கி.மீ. பிரிட்டனில் 1896இன் இலகு ரயில் சட்டத்தின்கீழ் இத்தகைய பாதைகளுக்கு வழக்கமாக வைத்த உச்சவரம்பே மணிக்கு 25 மைல், அதாவது 40 கி.மீ.தான். ரிவெட்டில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராதவர்கள் வேகத்தில் இப்படிப் பிசகுவதைக் கண்டுகொள்வதே இல்லை. எஞ்சினைச் சுருக்கலாம், பெட்டியைச் சுருக்கலாம், மலையைக்கூடச் சுருக்கிவிடலாம். நேரம் சுருங்குவதில்லை. தோட்ட ரயிலில் நிஜம் என்பது அந்த நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில் இருக்கிறது. கடையில் வாங்கும் எஞ்சினில் இல்லை.

கேஜ் கணக்கு

இந்தப் பொழுதுபோக்கில் இரண்டு குலங்கள் உண்டு. ஒரு அடிக்கு 16 மி.மீ. என்ற கணக்கில், அதாவது 1:19 அளவில் செய்வோர் ஒரு குலம். வேல்ஸ் மலைகளில் கற்பலகை சுமந்த, இரண்டடி கேஜ் (தண்டவாள இடைவெளி) கொண்ட பாதைகள் இந்த அளவில் சரியாக 32 மி.மீ. ஆகிவிடும். மற்றது 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த 45 மி.மீ. தண்டவாளம். அதன் அளவு 1:22.5, அந்த அளவில் 45 மி.மீ. என்பது மீட்டர் கேஜ். நம் ஊட்டி மலை ரயில் மீட்டர் கேஜ்தானே, அதைத் தோட்டத்தில் செய்ய நினைப்பவருக்கு இது கச்சிதம். டார்ஜிலிங் ரயில் இரண்டடி என்பதால் அது 32 மி.மீ. குலத்தில் சேரும். இலங்கையின் பழைய களனிவெளிப் பாதைதான் பாவம். அதன் இரண்டரை அடி கேஜ் 16 மி.மீ. அளவில் 40 மி.மீ. ஆகிறது, இரண்டு தண்டவாளத்துக்கும் பொருந்தாது.

இனி சொல்வதெல்லாம் 32 மி.மீ. பற்றியது. முன்மாதிரி வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில். 1836இல் திறந்த பாதை. ப்ளைனாய் ஃபெஸ்டினியோக் குவாரிகளிலிருந்து போர்த்மாடோக் துறைமுகம் வரை சுமார் 22 கி.மீ. முழுக்க இறக்கமாகவே அமைந்ததால் கற்பலகை ஏற்றிய வண்டிகள் எஞ்சினே இல்லாமல் தாமாக உருண்டு இறங்கின. காலி வேகன்களைக் குதிரைகள் மேலே இழுத்தன. இறங்கும்போது அதே குதிரைகள் தனி வேகனில் நின்றபடி சவாரி செய்தன. நீராவி எஞ்சின் வந்தது 1863இல். இதன் முழு நீளத்தையும் 1:19இல் போட 1,150 மீட்டர் வேண்டும். சாதாரணத் தோட்டத்தில் கிடைப்பது 30 மீட்டர். அதாவது நிஜத்தில் 570 மீட்டர், ஒரு ஸ்டேஷன் யார்டின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே தூரத்தில் ஏமாற்றியே ஆகவேண்டும். ஏமாற்றாமல் விடக்கூடிய ஒன்றே ஒன்று நேரம்தான்.

மண்ணோடு மல்லுக்கட்டு

பாதை சரியில்லை என்றால் மெதுவாக ஓட்டவே முடியாது. வேகமாகப் போகும் வண்டி சின்னக் குழியைத் தாண்டிவிடும். ஊர்ந்து போகும் வண்டி அதில் நின்றுவிடும், அல்லது தடம் புரளும். அதனால் நிஜமாக ஓட்ட நினைப்பவருக்குச் செலவில் பெரும்பங்கு மண்ணுக்கு அடியில் போகும்.

தரையோடு போடுவதானால் ஒரு சாண் அகலத்துக்கு 15 செ.மீ. ஆழம் தோண்டி, களை முளைக்காத துணி விரித்து, உடைகல் 10 செ.மீ. போட்டு இடித்து, மேலே 15 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. கனத்தில் கான்கிரீட் பட்டை. 30 மீட்டருக்கு ஒரு கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, எடையில் முக்கால் டன்னுக்கு மேல். பட்டையின் மேல்முகம் சுற்றியுள்ள மண்ணைவிட 2 அல்லது 3 செ.மீ. உயர்ந்தே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் மண்ணை அடித்துவந்து ஜல்லியில் நிரப்பும், ஒரே குளிர்காலத்தில் பாசி பிடித்து ஸ்லீப்பர் மறைந்துவிடும். மூன்று மீட்டருக்கு ஒருமுறை பட்டையில் ஒரு வெட்டு விடவேண்டும். உறைபனியில் மண் பொங்கும்போது கான்கிரீட் தானாக விரிசல் தேடிக்கொள்ளும், அந்த விரிசல் நாம் சொன்ன இடத்தில் வரட்டும். முழங்கால் மூப்படைந்தவர்கள் 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் கால்கள் நட்டுப் பலகைமேல் போடுகிறார்கள். எரிவாயு ஊற்றவும் எண்ணெய் விடவும் அந்த உயரமே சௌகரியம். ஆனால் மரக்கால்கள் மண்ணைத் தொடும் இடத்தில்தான் அழுகும்; மறுசுழற்சி பிளாஸ்டிக் கால் விலை கூடுதல் என்றாலும் இன்னொரு முறை தோண்டுவதை மிச்சப்படுத்தும்.

தண்டவாளம் ஒரு கெஜ நீளத் துண்டுகளாக வரும், 30 மீட்டருக்கு 33 துண்டு. உலோகம் நிக்கல் சில்வர். வெயில் நேரத்தில் தண்டவாளம் 50 டிகிரியைத் தொடும், குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்த 55 டிகிரி வித்தியாசத்தில் 10 மீட்டர் தண்டவாளம் 9 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. 15 டிகிரி நாளில் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் 1 மி.மீ. இடைவெளி தாராளம். விசிட்டிங் கார்டு மூன்றைச் சேர்த்துச் செருகிவிட்டு இணைத்தால் அளவு வந்துவிடும், பிறகு உருவிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களை இஞ்சுக்கு இஞ்சு திருகாணி அடித்து இறுக்குவது பொதுவான தவறு. மீட்டருக்கு ஒரு திருகாணி, அதுவும் சற்றுப் பெரிய துளையில், தலை மட்டும் தொடும்படி. தண்டவாளம் நகர இடம் கேட்கும்; கொடுக்காவிட்டால் வளைவில் புடைத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளும்.

வளைவில் ஃபெஸ்டினியோக்கே கஞ்சம்தான், மிக இறுக்கமான இடத்தில் ஆரம் சுமார் 40 மீட்டர். 19ஆல் வகுத்தால் 2 மீட்டர் வருகிறது. தோட்டத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது, 1.2 மீட்டர் ஆரம் கிடைத்தால் பார்வைக்கும் ஓட்டத்துக்கும் போதும். 75 செ.மீ.க்குப் போனால் எஞ்சின் போகும், ஆனால் வளைவுக்கு உள்ளே நுழையும்போது ஒவ்வொரு முறையும் வேகம் விழும். ஏற்றம் 1க்கு 60ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீட்டருக்கு 17 மி.மீ. 1க்கு 40இலும் எஞ்சின் ஏறும். பிரச்சினை ஏறுவதில் இல்லை, இறங்குவதில். ஏறப் போதுமான அளவுக்கு ரெகுலேட்டரைத் திறந்தால் இறங்கும்போது பாய்ந்துவிடும்; இறங்குவதற்கேற்ப மூடினால் ஏறும்போது நின்றுவிடும். நீளவாக்கு மட்டத்தைவிடக் குறுக்குவாக்கு மட்டம் முக்கியம். நான்கு சக்கர வேகனின் சட்டம் வளையாது. ஒரு தண்டவாளம் இன்னொன்றைவிட வேகன் நீளத்துக்குள் ஒன்றரை மி.மீ. முறுக்கினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அடுத்த வளைவில் ஏறி வெளியே விழும். 30 செ.மீ.க்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அலுப்பான வேலைதான். வேறு வழியில்லை.

ஜல்லிக்கு 2 முதல் 4 மி.மீ. கிரானைட் பொடிக்கல். கோழிக்குஞ்சுத் தீனிக் கடைகளில் கிடைப்பதே போதும். நிஜ ஜல்லி 40, 50 மி.மீ. என்பதால் அளவும் ஒத்துவரும். 30 மீட்டருக்கு 90 கிலோ பிடிக்கும். ஆறு பங்கு கல்லுக்கு ஒரு பங்கு சிமென்ட் உலரக் கலந்து, தூரிகையால் ஸ்லீப்பருக்கு இடையே தள்ளி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுக் கலந்த நீரைப் பனிபோலத் தெளித்தால் மறுநாள் இறுகிவிடும். ஆனால் போட்ட முதல் வருடம் சிமென்ட் கலக்கவே வேண்டாம். ஒரு மழைக்காலமும் ஒரு உறைபனிக்காலமும் பாதையைப் பரிசோதிக்கட்டும். எங்கெங்கே அமிழ்கிறது என்று தெரிந்தபிறகு இறுக்கலாம். வண்டி தடம் மாறும் பாயின்ட்ஸுக்கு அடியில் எப்போதும் சிமென்ட் கூடாது. நாக்குத் தண்டவாளத்துக்குள் ஒரே ஒரு கல் சிக்கினாலும் அது முழுதாகச் சாத்தாது, ஒட்டிப்போன கல்லை நகத்தால் எடுக்க முடியாது.

நாற்பது சென்டிமீட்டர்

இத்தனையும் செய்தபிறகு வண்டியை மணிக்கு 24 கி.மீ. என்ற நிதானமான வேகத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1:19இல் அது நொடிக்கு 35 செ.மீ. அளக்கச் சுலப வழி: பாதையோரம் மூன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு வெள்ளைக் குச்சி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பத்து நொடி ஆகவேண்டும். முதல்முறை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு வண்டி நின்றுகொண்டிருப்பதுபோல் இருக்கும். பழகப் பழக மற்றவர்களின் வண்டிகள்தான் பேய் பிடித்ததுபோல ஓடுவதாகத் தெரியும்.

வேகம் சரியானதும் அடுத்த சிக்கல் முளைக்கிறது. ஸ்டேஷன் வருகிறது, ரெகுலேட்டரை மூடுகிறோம், வண்டி சுவரில் முட்டியதுபோல் நிற்கிறது. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. அவ்வளவு நேரம் கட்டிய மாயை அந்த ஒரு கணத்தில் கலைந்துவிடும். 'சின்ன வண்டிதானே' என்று இதை விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் போடவேண்டும்.

நிஜ ரயில் மணிக்கு 24 கி.மீ.யில் சமதரையில் வரும்போது நீராவியை நிறுத்திவிட்டு, பிரேக்கையும் தொடாமல் விட்டால் எவ்வளவு தூரம் உருளும்? உருளும் தடையை எடையில் 0.6 விழுக்காடு என்று வைத்தால் சுமார் 375 மீட்டர். அதைத் தோட்ட அளவுக்குச் சுருக்கினால் 20 மீட்டர், தோட்டப் பாதையில் மூன்றில் இரண்டு பங்கு. நம் மாதிரியில் தடை ஒன்றரை விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 35 செ.மீ.யில் வரும் வண்டி உருளும் தூரம் வெறும் 40 செ.மீ. 20 மீட்டர் உருளவேண்டியது 40 செ.மீ.யில் நிற்கிறது, ஐம்பதில் ஒரு பங்கு. காரணம், நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிப்படி குறைகிறது. அளவு 19 மடங்கு சுருங்கும்போது உருளும் தூரம் 361 மடங்கு சுருங்கிவிடுகிறது. புவியீர்ப்பு நம் அளவுகோலுக்குக் கட்டுப்படாததன் விளைவு இது. போதாததற்குச் சக்கர அச்சின் உராய்வும் சிறிய உருவத்தில் விகிதத்துக்கு மீறி நிற்கிறது. கோயில் தேர் நகர ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முட்டுக்கட்டை போடவேண்டும். குழந்தையின் நடைவண்டியைக் கையெடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

எடையைக் கூட்டினால் சரியாகும் என்றுதான் முதலில் தோன்றும். வேகன்களில் ஈயக்கட்டி வைக்கிறார்கள். இதற்கு அது உதவாது. எடை கூடினால் உந்தம் கூடும், உராய்வும் அதே விகிதத்தில் கூடும், உருளும் தூரம் மாறாது. ஈயக்கட்டிக்கு வேறு நன்மை உண்டு. இரண்டு டன் சுமக்கும் கற்பலகை வேகனின் எடை காலி எடையோடு சேர்த்து இரண்டே முக்கால் டன் என்றால், 19இன் மும்மடியான 6,900ஆல் வகுக்க, மாதிரி 400 கிராம் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் வேகன் அதில் பாதிகூட இருக்காது. பாரம் ஏற்றினால் வளைவில் ஒழுங்காக உட்காரும். எட்டு வேகன் இழுக்கும் எஞ்சின் தனியே ஓடும் எஞ்சினைப்போல் பாய்ந்து ஓடாது. நீராவி எஞ்சின் சுமை இருந்தால்தான் அடங்கும்.

உருளும் தூரத்துக்கு உண்மையான வழிகள் மூன்று. ஒன்று, உராய்வைக் குறைப்பது. அச்சு முனைகளைப் பித்தளைக் குழலில் ஓடவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. 1க்கு 100 சரிவுப் பலகையில் வைத்த வேகன் விரல் படாமல் உருளவேண்டும்; உருளாததைப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். சக்கரங்களின் உள்முக இடைவெளி 28 மி.மீ. இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம், பாயின்ட்ஸில் ஏறி இறங்கும் கோளாறில் பாதி அதனால்தான். இரண்டாவது, எஞ்சின் அச்சோடு பல்சக்கரம் வழியே வேகமாகச் சுழலும் ஒரு சிறிய சமன்சக்கரம் (ஃப்ளைவீல்) பொருத்துவது. எடையை அதிகம் கூட்டாமல் ஆற்றலைச் சேமிக்கும் உபாயம் இது. மூன்றாவதுதான் பெரியது: ஓட்டுநரின் கை. பிளாட்பாரத்துக்கு இரண்டரை மீட்டர் முன்னால் ஒரு குச்சி நட்டு, அங்கே ரெகுலேட்டரை மூட ஆரம்பித்து, பதினைந்து நொடியில் மூடி முடிப்பது. புறப்படும்போது இருபது நொடியில் வேகம் எடுப்பது. அதற்கு மூன்றரை மீட்டர் பிடிக்கும். இல்லாத உந்தத்தை விரல் நுனியால் நடித்துக் காட்டுகிறோம். நிஜ ஓட்டுநர் பாரத்தோடு போராடுகிறார், நாம் பாரமின்மையோடு.

இதற்கு ரேடியோ கட்டுப்பாடு கிட்டத்தட்டக் கட்டாயம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி, நெம்புகோலை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ இரண்டு. ஒன்று ரெகுலேட்டருக்கு, ஒன்று முன்பின் திருப்ப. சர்வோ முழுத் தூரம் அசைந்தால் ரெகுலேட்டர் கால்வாசித் திறப்பிலேயே முழு நீராவியும் போய்விடும். ஆகவே நெம்புகோலின் துளையை உள்ளே தள்ளி, கைக்கருவிக் குச்சியின் முழு அசைவுக்கும் பயன்படும் திறப்பு பரவும்படி அமைக்கவேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் 'நீராவி எஞ்சினை மெதுவாக ஓட்ட முடியாது' என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

எரிவாயுதான் கடிகாரம்

நேரம் சுருங்காது என்பதை மிகக் கறாராகச் சொல்வது பாய்லர். ஒருமுறை நிரப்பினால் 20 முதல் 30 நிமிடம், அவ்வளவே. பலருக்கு இது குறையாகப் படுகிறது. நிஜ ரயில்வேயின் நாளும் இப்படித்தான் தண்ணீருக்கும் கரிக்கும் கட்டுப்பட்டு நகர்ந்தது. ஆகவே இதைக் குறையாக நினைக்காமல் அட்டவணையின் அடிப்படை அலகாக வைத்துக்கொள்ளலாம்.

தயாரிப்புக்கு ஒரு வரிசை உண்டு, மாற்றக்கூடாது. முதலில் எண்ணெய்: பழைய தண்ணீரை வடித்துவிட்டு லூப்ரிகேட்டரைக் கெட்டியான நீராவி எண்ணெயால் நிரப்புவது. மோட்டார் எண்ணெய் ஆகாது, ஈர நீராவியில் அது உலோகத்தில் ஒட்டி நிற்காது. லூப்ரிகேட்டரின் வேலை வினோதமானது. உள்ளே நுழையும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் அந்த அளவுக்கு வழிந்து சிலிண்டருக்குப் போகிறது. அடுத்து தண்ணீர்: காய்ச்சி வடித்ததோ சுத்தமான மழைநீரோ. சுண்ணாம்பு மண் பகுதிகளின் குழாய்நீர் பாய்லருக்குள் ஓடு கட்டும். விளிம்பு வரை நிரப்பிவிட்டு, ஊசிக்குழலால் 30 மி.லி. வெளியே எடுக்கவேண்டும்; நீராவி சேர இடம் வேண்டுமே. எரிவாயு எப்போதும் கடைசி. நிரப்பும்போது கொஞ்சம் வெளியே சீறும் என்பதால், எரிந்துகொண்டிருக்கும் இன்னொரு எஞ்சினிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி. வால்வை மயிரிழை திறந்து புகைபோக்கி வாயில் நெருப்பைக் காட்டினால் 'டப்' என்று சுடர் உள்ளே குதிக்கும். அலறல் கேட்டால் வாயு அதிகம், குறைக்கவேண்டும். சுடர் புகைபோக்கி மேலேயே நின்றால் அணைத்துவிட்டுத் திரும்பவும் பற்றவைக்கவேண்டும். ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் 2.7 பார் அழுத்தம் வந்து சேஃப்டி வால்வ் சீறும்.

முதல் அசைவில் சிலிண்டரில் குளிர்ந்த நீர் அடைத்து நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு எஞ்சினை நாலைந்து முறை முன்னும் பின்னும் தள்ளவேண்டும். புகைபோக்கியிலிருந்து எண்ணெய் கலந்த வெந்நீர் துப்பும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. குளிர்நாளில் வேறொரு தொல்லை. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும், ஓடும்போது தொட்டியே தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். 10 டிகிரிக்குக் கீழே புரோப்பேன் கலந்த வாயு வேண்டியிருக்கும். ஜெட் அடைத்துக்கொண்டால் கம்பியை மட்டும் நுழைக்காதீர்கள். துளை மயிரளவு பெரிதானாலும் சுடர் கெட்டுவிடும். கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்து, வாயுவைப் பின்பக்கமாகச் செலுத்தி ஊதுவதே முறை.

பெரும்பாலான எஞ்சின்களில் தண்ணீருக்கு முன்னால் வாயு தீரும்படி தொட்டி அளவைக் கணக்காக வைத்திருப்பார்கள். காலிப் பாய்லரை நெருப்பு தின்னாமல் இருக்கும் பாதுகாப்பு அது. வாயுவை மட்டும் இரண்டாம் முறை நிரப்பி ஓட்டினால் அந்தப் பாதுகாப்பை நாமே உடைக்கிறோம். அழுத்தம் இருக்கும்போதே பிளாஸ்டிக் குப்பியால் வெந்நீர் அழுத்திச் செலுத்தும் குடால் வால்வ் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை தீரும். உள்ளே சிலிக்கோன் குழாய்த்துண்டு ஒன்று ஒருவழிக் கதவாக வேலை செய்கிறது. அந்த வால்வ் வந்ததும் 'தண்ணீர் பிடிக்க நிற்பது' என்பது நடிப்பாக இல்லாமல் உண்மையான வேலையாகிவிடுகிறது. நடு ஸ்டேஷனில் தண்ணீர்த்தொட்டி மாதிரி வைத்திருப்பவர்கள் அதன் அருகிலேயே குப்பியையும் வைக்கலாம்.

வண்டிக்கு வேலை கொடுப்பது

பாதையில் மூன்று இடம் போதும்: கீழே துறைமுகம், நடுவில் எதிர்வண்டிகள் விலகிக்கொள்ளும் கிராஸிங் ஸ்டேஷன், மேலே குவாரி. வட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். துறைமுகத்தையும் குவாரியையும் செடி மறைவில் ஒரு துண்டுப் பாதை இணைத்தால் சுற்றிப் பார்க்க விரும்பும் விருந்தாளிகளுக்கும் ஆயிற்று. ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் நடு ஸ்டேஷன் லூப்பின் பயன்படும் நீளம்தான் எல்லா வண்டிக்கும் உச்சவரம்பு. எஞ்சின், ஆறு வேகன், பிரேக் வேன் என்றால் ஒன்றரை மீட்டர். லூப்பை முதலில் அளந்து போட்டுவிட்டு அதற்குத் தக்க வண்டி சேர்க்கவேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சரக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. கற்பலகை கீழே வரும். மேலே காலி வேகன், கரி, மாவு மூட்டை, ஸ்லீப்பர் கட்டை. ஆகவே கழற்றி வைக்கும் பாரம் தேவை. உடைந்த கூரைக் கற்பலகையைச் சீவி, தகட்டில் ஒட்டி, வேகனுக்குள் இறங்கும் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். நிஜக் கல் என்பதால் எடையும் சேர்ந்தே வந்துவிடும். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை. அதன் நான்கு பக்கத்திலும் நான்கு பயணம் எழுதியிருக்கும்: குவாரிக்குக் காலியாக, துறைமுகத்துக்குக் கற்பலகையோடு, நடு ஸ்டேஷனுக்குக் கரியோடு, பழுதுக்கு ஷெட்டுக்கு. வேலை முடிந்ததும் அட்டையை ஒரு பக்கம் திருப்பினால் வேகனுக்கு அடுத்த வேலை தயார். பென்சிலால் எழுதுங்கள், மையை இங்கிலாந்து மழை விட்டுவைக்காது.

உள்ளறை மாதிரி ரயில்களில் வேகக் கடிகாரம் வைத்து ஒரு நாளை இரண்டு மணி நேரத்தில் ஓட்டுவார்கள். நீராவிக்கு அது ஒத்துவராது, பாய்லர் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வரிசை அட்டவணைதான் சரி. 'மணி 10.15' என்று எழுதாமல் 'முதல் வண்டி குவாரி போய்ச் சேர்ந்தபின் இரண்டாம் வண்டி புறப்படலாம்' என்று எழுதுவது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் 15 மீட்டர் ஓட முக்கால் நிமிடம்தான். ஆனால் நடுவில் கிராஸிங்குக்குக் காத்திருக்க இரண்டு நிமிடம், குவாரியில் வேகன்களைக் கழற்றி மாட்டும் ஷண்டிங் நாலு நிமிடம், தண்ணீர் ஒரு நிமிடம் எனச் சேர்ந்தால் ஒரு போய்வரல் பத்து நிமிடமாகிவிடும். ஒரு வாயு நிரப்பலில் இரண்டு போய்வரல். முப்பது சுற்று ஓடிய அதே வாயுவில் வண்டி நான்கு முறை பாதையைக் கடக்கிறது. அதற்குள் பதினாறு வேகனாவது கைமாறியிருக்கும். ஒற்றைப் பாதைக்கு ஒரு டோக்கன்: வண்ணம் பூசிய ஒரு சாண் கட்டை. அது கையில் இல்லாதவர் வண்டியை எடுக்கக்கூடாது. இரண்டு பேர் ஓட்டும்போதுதான் இதன் அருமை தெரியும். பூச்செடிக்குப் பின்னால் எதிரும் புதிருமாக முட்டிய இரண்டு எஞ்சின்களின் விலையைக் கூட்டிப் பார்த்தவர்கள் கட்டையைக் கிண்டல் செய்வதில்லை.

ஷண்டிங்கில்தான் வானத்திலிருந்து ஒரு ராட்சதக் கை இறங்குகிறது. சங்கிலிக் கப்ளிங்கை 20 செ.மீ. கம்பியின் கொக்கியால் எடுத்து மாட்டலாம், எல்லா வேகனிலும் கொக்கி ஒரே உயரத்தில் இருக்க ஒரு தகட்டு அளவுகோல் வெட்டி வைத்துக்கொண்டால். கை தெரிவதை மறைக்கமுடியாது. அதன் அவசரத்தைக் குறைக்கலாம். நிஜத்தில் ஷண்டிங்காரர் ஆறு வேகன் நீளம் நடந்துபோக 15 நொடி ஆகும். கொக்கியை எடுத்தபின் அந்த 15 நொடி சும்மா நிற்கவேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் கை மறந்துபோகும். வண்டிக்கு அருகே யாரோ நடந்துகொண்டிருக்கிறார் என்ற நினைப்பே மிஞ்சும். ஷண்டிங் வேகம் நடைவேகம், நொடிக்கு 7 செ.மீ. நன்கு பழகாத நீராவி எஞ்சினுக்கு இது தள்ளாட்டம்தான். பேட்டரியில் ஓடும் சிறிய டீசல் மாதிரி ஒன்றைக் குவாரி யார்டுக்கு ஒதுக்குவதில் வெட்கம் வேண்டாம்.

கோளாறுகளில் பாதி எஞ்சினைச் சேராதவை. கருங்குருவி புழு தேடி ஜல்லியைக் கிளறி பாயின்ட்ஸுக்குள் தள்ளும். நத்தை இரவில் தண்டவாளம் மேல் நடந்த தடத்தில் காலையில் சக்கரம் வழுக்கும். ஏற்றத்தில் எஞ்சின் நின்ற இடத்திலேயே சுழன்றால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். ஆகவே முதல் வண்டிக்கு முன்னால் ஒரு தூரிகையோடு பாதை முழுக்க நடந்துவரவேண்டும். நிஜப் பாதையிலும் லைன்மேன் காலையில் அதைத்தான் செய்தார்.

மாலையில் சூடு இருக்கும்போதே லூப்ரிகேட்டரை வடித்து, எஞ்சினைத் துடைத்து, பாய்லர் மூடியைத் தளர்த்தி வைக்கவேண்டும். ஆறியபின் துடைத்தால் எண்ணெய் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அட்டைகளை எண்ணும்போது மூன்று வேகன் குவாரியிலேயே தங்கிவிட்டது தெரியவரும், கடைசி நிரப்பலில் வாயு முன்கூட்டியே தீர்ந்திருக்கும். கையால் தூக்கிக்கொண்டு வந்துவிடத் தோன்றும். வேண்டாம். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, அந்த மூன்று அட்டையைத் திருப்பாமல் மேலே வையுங்கள். அடுத்த ஞாயிறு முதல் வண்டி காலி வேகன் இல்லாமல், வெறும் எஞ்சினாக, அவற்றுக்காக மேலே போகவேண்டியிருக்கும்.